எழுதும்போது கேட்கிற குரல் என்னுடையதுதானா?

தெற்குச்சாளரம்
எல்லாருக்கும் வணக்கம். இந்த இணைய மன்றத்தில் பல வருஷமாகப் படித்துவிட்டுப் போகிறவள். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. படுத்தே கிடந்தால் நினைப்பு எங்கெங்கோ போகிறது. ஒருநாள் எழுந்து, பையனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். என்ன எழுதுவது என்ற திட்டமெல்லாம் இல்லை. முதல் ஒரு மாதம் முழுக்கப் புலம்பல்தான். கடைசி நாட்களில் யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை, ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் எத்தனை மணி நேரம் காத்திருந்தோம், யார் என்ன சொன்னார்கள் என்று பக்கம் பக்கமாக. அப்புறம் அதுவும் தீர்ந்துபோய், பால் கணக்கு, சிலிண்டர் புக் பண்ண வேண்டியது, பையனின் பரீட்சை என்று வந்து நின்றது.

போன மாதம் ஒரு காலை. சிலிண்டரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வரி முடிந்ததும் என் கை அடுத்த வரியில் ‘நீ இன்னும் அழவே இல்லை’ என்று எழுதியது.

எழுதியது நான்தான். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அந்த நோட்டில் எங்கேயுமே ‘நீ’ கிடையாது, எல்லாம் ‘நான்’தான். திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அன்றைக்கு அடுப்படியில் நின்று அரை மணி நேரம் அழுதேன். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

அந்த ‘நீ’ யார் சொன்னது என்பதுதான் என் கேள்வி. உள்ளுக்குள் ஒரு குரல் இருக்கிறது, அமைதியானால் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது இதுதானா? இல்லை, மனசு தனக்குத்தானே பேசிக்கொள்வதா? எழுதுவதை ஓர் ஆன்மிக சாதனையாகச் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மலைசுற்றி
அக்கா, முதலில் அம்மாவுக்கு என் வணக்கம்.

நீங்கள் ‘நான்’, ‘நீ’ என்று சொன்னதும் எனக்கு ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருந்தாலும், அதில் எழுத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

1896 ஆகஸ்ட் 29. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு. வேங்கடராமன் என்ற பதினாறு வயசுப் பையன் மாடியில் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதிக்கொண்டிருக்கிறான். பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் போனதற்குத் தண்டனை, மூன்று தடவை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதிவிட்டான். மூன்றாவதை எழுதப் போகும்போது, இதனால் என்ன பயன் என்று தோன்றுகிறது. தாளைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று கடிந்துகொள்கிறார். அது தைத்துவிடுகிறது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். அப்படியே என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள் என்கிறார் அண்ணன். பையன் மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போகிறான்.

அந்தக் கடிதத்தைத்தான் பார்க்க வேண்டும். முதல் வரி ‘நான்’ என்று தொடங்குகிறது. நான் என் தகப்பனாரைத் தேடிக்கொண்டு, அவர் உத்தரவுப்படி கிளம்பிவிட்டேன் என்கிறான். அடுத்த வரியிலேயே அந்த ‘நான்’ காணாமல் போகிறது. ‘இது’ நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது, யாரும் விசனப்பட வேண்டாம், இதைத் தேடப் பணமும் செலவழிக்க வேண்டாம். தன் உடம்பையும் உயிரையும் சேர்த்து ‘இது’ என்கிறான். கடைசியில் ‘இப்படிக்கு’ என்று எழுதி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறான். கையெழுத்தே இல்லை.

செப்டம்பர் 1 அன்று அந்தப் பையன் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தான். அப்புறம் உலகம் அவரை ரமணர் என்றது.

நான்கைந்து வரிக் கடிதம். அண்ணனின் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்ற லௌகிக விஷயமும் அதில் இருக்கிறது, இரண்டு ரூபாய்க் கணக்கும் இருக்கிறது. உங்கள் சிலிண்டர் மாதிரி. அதற்கு நடுவில்தான் ‘நான்’ கழன்று விழுகிறது. அவர் எந்தக் குரலையும் தேடி அதை எழுதவில்லை. அவசரமாக ஒரு தகவல் எழுதினார், அவ்வளவுதான். உங்களுக்கு வந்த ‘நீ’யும் அவருக்கு வந்த ‘இது’வும் ஒன்று என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கையில் பேனா இருக்கும்போது இந்தச் சின்னச் சொல்தான் முதலில் இடம் மாறுகிறது என்பதை நான் நம்புகிறேன்.

வைகைக்கரை
மலைசுற்றி ஐயா சொன்ன கதை எனக்கும் உயிர். நான் மதுரைக்காரன், அந்த வீட்டு மாடியில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சகோதரி தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே ரமணர், இரண்டு வருஷம் கழித்து 1898 டிசம்பரில் திருவண்ணாமலையிலேயே பவழக்குன்று என்ற சிறு குன்றில் இருந்தபோது, அவருடைய தாயார் வந்து வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். பிள்ளை பேசவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர், பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டக்கூடாதா என்று தாளும் பென்சிலும் கொடுத்தார். நடப்பது நடந்தே தீரும், நடவாதது எப்படி முயன்றாலும் நடக்காது என்ற பொருளில் எழுதி, ஆகையால் மௌனமாக இருப்பதே நல்லது என்று முடித்தார். எழுதியதே மௌனமாக இரு என்றுதான். அதை விட்டுவிட்டு நாம் எழுத்தைப் பிடித்துக்கொள்வது சரியா?

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நானும் டைரி எழுதியவன், பதினோரு வருஷம். எங்கள் குடும்பத்தில் ஒரு நிலத் தகராறு, கூடப் பிறந்தவரோடு. தினமும் ராத்திரி அதை எழுதுவேன். எழுதினால் பாரம் இறங்கும் என்றார்கள். ஒரு தீபாவளிக்கு அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது பழைய டைரிகளை எடுத்துப் படித்தேன். முதல் வருஷத்தில் எழுதிய அதே வாக்கியம், ‘அவன் அம்மாவிடம் என்ன சொல்லி வைத்தானோ’ என்பது, பதினோராவது வருஷத்திலும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பதினோரு வருஷமாக ஒரே புண்ணை நானே சொறிந்துகொண்டிருந்திருக்கிறேன். பாரம் எங்கே இறங்கியது? அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் இருபது நிமிஷம் சும்மா உட்காருகிறேன். எண்ணம் வந்தால் இது யாருக்கு வந்தது என்று பார்க்கிறேன். எழுதினால் அந்த எண்ணத்துக்குச் சோறு போட்டு வளர்த்த மாதிரி ஆகிவிடுகிறது.

குட்டிமேசை
பேனாதான் வேண்டுமா? நான் போன் நோட்ஸில் தட்டித்தான் பழக்கம். அதில் ‘நீ’யெல்லாம் வரவே மாட்டேன் என்கிறது.

தெற்குச்சாளரம்
வைகைக்கரை அண்ணா, தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் முதல் மாத நோட்டும் அப்படித்தான் இருக்கிறது. அதைத் திரும்பப் படிக்கவே எனக்குப் பயம்.

குட்டிமேசை, போனில் நானும் முயன்றேன். தட்டும்போது அழித்துவிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தேன். நோட்டில் அடித்தாலும் அடித்தது கீழே தெரிகிறது. அதுதான் வித்தியாசமோ என்னவோ.

ஈப்போ பேரன்
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். வைகைக்கரை சார் சொன்னது போல் ஆகாமல் இருக்க என் தாத்தா ஒரு வழி வைத்திருந்தார்.

பத்தமடைக்காரரான சிவானந்த சுவாமிகளை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ரிஷிகேசத்துக்குப் போவதற்கு முன்னால் பத்து வருஷம் இங்கே மலாயாவில் தோட்ட ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தார். 1923ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். அதனால் இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. அவர் சீடர்களுக்குக் கொடுத்த ‘ஆன்மிக நாட்குறிப்பு’ வெறும் கட்டங்கள்தான். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜபம் செய்தாய், எவ்வளவு நேரம் மௌனம், எத்தனை தடவை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே கொடுத்துக்கொண்ட தண்டனை என்ன. தேதிக்கு நேரே எண்ணை மட்டும் எழுத வேண்டும். யார்மேல் கோபம், அவன் என்ன செய்தான் என்பதற்கெல்லாம் இடமே கிடையாது!

என் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய ஒரு வருஷத்து நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. ‘பொய்’ என்ற கட்டத்தில் ஜனவரி முழுக்க சைபர். பிப்ரவரி பாதியில் திடீரென்று 3, 4, 2 என்று வர ஆரம்பிக்கிறது. சின்ன வயசில் அதைப் பார்த்துவிட்டு, தாத்தா ஏன் பிப்ரவரியில் கெட்டுப்போனார் என்று பாட்டியிடம் கேட்டேன். ஜனவரியில் அவருக்குத் தான் சொல்வது பொய் என்றே தெரியவில்லை, பிப்ரவரியில்தான் தெரிய ஆரம்பித்தது என்றார் பாட்டி. உள்குரல் என்றால் எனக்கு அந்த 3தான் நினைவுக்கு வரும்.

சிவானந்தரே லிகித ஜபத்தையும் வலியுறுத்தினார். ஒரு மந்திரத்தைத் தினமும் அரை மணி நேரம் நோட்டில் எழுத வேண்டும். பேசக் கூடாது, இடம் மாறி உட்காரக் கூடாது, கண் நோட்டை விட்டு நகரக் கூடாது. தெற்குச்சாளரம் அக்காவின் வீட்டில் யாராவது ஸ்ரீராமஜெயம் எழுதியிருப்பார்களே?

தெற்குச்சாளரம்
அம்மாவே எழுதுவார்கள். மதியம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் தேய்த்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். நாற்பது பக்க நோட்டு, நீல மை. எழுதி முடித்த நோட்டுகள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, ஊரிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். இன்னும் பிரிக்கவில்லை. சும்மா ஒரே சொல்தானே என்று நினைத்துவிட்டேன்.

நாசரேத்துக்காரன்
சும்மா ஒரே சொல் என்று நினைக்காதீர்கள் சகோதரி.

எங்கள் பக்கம் வேதாகமம் முழுவதையும் கையால் எழுதுகிறவர்கள் உண்டு. நான் சங்கீதப் புத்தகத்தை மட்டும் எழுதினேன், 150 சங்கீதங்கள், ஒன்றரை வருஷம். கடையை மூடிவிட்டு வந்து ராத்திரியில் எழுதுவேன். வாசிக்கும்போது நமக்குப் பழக்கமான வசனங்களில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். எழுதும்போது வழுக்க முடியாது, ஒவ்வொரு எழுத்தாகத்தான் நடக்க வேண்டும்.

13ஆம் சங்கீதத்தில் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று சங்கீதக்காரன் தேவனிடம் கேட்கிறான். நான்கு தடவை கேட்டுவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுகிறான். நான் எழுதி முடித்து மூலத்தோடு ஒத்துப் பார்த்தபோது என் நோட்டில் ஐந்து இருந்தது. ஒன்றைக் கூடுதலாக எழுதியிருக்கிறேன், எழுதும்போது தெரியவே இல்லை. என் மனைவி வியாதியாய்க் கிடந்த சமயம் அது. சபையில் எல்லாரிடமும் ‘கர்த்தர் சித்தம், நாங்கள் நன்றாயிருக்கிறோம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கை மட்டும் ஒரு தடவை கூடக் கேட்டிருக்கிறது.

அதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

மலைசுற்றி
நாசரேத்துக்காரன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

வைகைக்கரை அண்ணே, மௌனம்தான் பெரிது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த மௌனத்திலிருந்து எழுத்து எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா? 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ இலாகா அதிகாரி மலைக்கு வந்தார். தத்துவம் படித்தவர். அப்போது ரமணர் பேசுவதில்லை. விரதம் ஒன்றும் இல்லை, பேச வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கேள்வி கேட்பார், பதில் மணலில் விரலால் வரும், சிலேட்டில் வரும். நான் யார் என்பதுதான் முதல் கேள்வி. இன்றைக்கு எல்லாரும் கையில் வைத்திருக்கிற ‘நான் யார்?’ என்ற அந்தச் சிறு புத்தகம் அச்சுக்கு வந்தது 1923ல். இருபது வருஷம் அது ஒரு மனிதரின் சொந்த நோட்டில் கிடந்தது. பிள்ளைக்கு அவசரமே இல்லை. தனக்காகக் கேட்டார், தனக்காகக் குறித்துக்கொண்டார்.

மணலில் எழுதிய பதில் காற்றடித்தால் போய்விடும். எழுதுகிறவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. உங்கள் பதினோரு வருஷ டைரிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியது வழக்குக் கட்டு அண்ணே. என்றைக்கோ ஒருநாள் யாரோ நீதிபதி படித்து உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்வார் என்று எழுதியது. இதை உரிமையோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லக்ஷ்மண சர்மா. ரமணர் ‘உள்ளது நாற்பது’ என்ற நூலை 1928ல் இயற்றினார். சர்மாவுக்கு அந்தத் தமிழ் வெண்பாக்கள் எளிதில் பிடிபடவில்லை. ரமணர் ஒவ்வொரு பாட்டாகப் பொருள் சொல்லச் சொல்ல, இவர் அதைச் சமஸ்கிருத சுலோகமாக எழுதிக் காட்டுவார். பொருள் சரியாக விழவில்லை என்றால் திரும்ப எழுதுவார். அதுவும் திரும்பி வரும். ஒரே பாட்டைப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறார். இது இவருக்கு ஒரு பெரிய தபஸ் போல என்று ரமணரே பிறரிடம் சொன்னார். எழுத்தைத் தபஸ் என்று சொன்னது மௌனகுருதான்.

கோண்டாவில் பிள்ளை
யாழ்ப்பாணத்திலிருந்து. இழையை இரவு முழுக்க வாசித்தேன்.

எங்கட அம்மம்மா எழுதுவா. பள்ளிக்கூடக் கொப்பியில, பென்சிலால. என்ன எழுதினவா என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா கேட்டால், ‘அது எனக்கும் அவருக்கும்’ என்பா. அவர் என்றது கடவுளையா, இறந்துபோன அம்மப்பாவையா, எங்கட ஊர் ஞானி யோகர் சுவாமியையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் கொழும்புத்துறையில் சுவாமியின் கொட்டிலுக்குத் தகப்பனோடு போய் வந்தவா. சுவாமி பாடினால் பக்கத்தில் இருக்கிற அடியார்தான் எழுதிக்கொள்வார்களாம். ‘எப்பவோ முடிந்த காரியம்’ என்று அவர் சொல்லுவதை அம்மம்மா எல்லாத்துக்கும் சொல்லுவா, சோறு குழைந்தாலும் சொல்லுவா.

1995 அக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, நாங்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே றோட்டில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மம்மா ஒரு பையில் இரண்டு சேலையும் கொப்பிகளும் வைத்திருந்தவா. நாவற்குழிப் பாலத்தடியில் மழை, சனநெரிசல், ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இருக்க இடமில்லை என்று அம்மம்மா பையைக் கீழே வைத்து, அதுக்கு மேல அவவை இருத்தினவா. பிறகு நெரிசலில் பை எங்கே போனது என்று தெரியாது. நான் அழுதேன். அப்ப எனக்குப் பன்னிரண்டு வயது. ‘எழுதினது போச்சே அம்மம்மா’ என்றேன். ‘எழுதினது என்னட்டத்தானே இருக்கு, கொப்பிதானே போனது’ என்றா.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் அம்மம்மா மாவு வந்த பேப்பர் பையைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

நானும் இப்ப எழுதுகிறேன். வருஷக் கடைசியில் அடுப்பில் போட்டுவிடுவேன். எரிக்கிறதுக்குத்தான் என்று தெரிந்தால் பொய் எழுத மனம் வராது. வைகைக்கரை அண்ணைக்கு இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நைட் டியூட்டி
நான் ஒரு நர்ஸ். இங்கே எல்லாரும் மனசு திறந்து எழுதுகிறீர்கள், படிக்க நிறைவாக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் வைக்கிறேன்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்தத் துறையில் புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் பதினைந்து நிமிஷம், தங்கள் வாழ்க்கையில் மிகவும் வலித்த ஒன்றை எழுதச் சொன்னார். நடந்ததை மட்டும் எழுதாமல் அதோடு அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்குத் துக்கம் அதிகமாகத்தான் இருந்தது. இதை யாரும் சொல்வதில்லை. நான்கே நாள், பதினைந்தே நிமிஷம் என்பதையும் சொல்வதில்லை.

ஆகவே தெற்குச்சாளரம், அழுகை வந்தது நல்லது. ஆனால் எழுதின பிறகு நாள் முழுக்க எழ முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று கை எழுதுகிறது என்றால், அதை உள்குரல் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. நோட்டை மூடிவிட்டு ஒரு மனுஷரிடம் பேச வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும். என் வார்டில் பார்த்ததால் சொல்கிறேன். எல்லாக் குரலும் வழி காட்டுகிற குரல் கிடையாது.

தெற்குச்சாளரம்
நைட் டியூட்டி, ரொம்ப நன்றி. அப்படி எதுவும் இல்லை. இப்போது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீங்கள் சொன்னதை மனசில் வைத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை
மலைசுற்றி ‘வழக்குக் கட்டு’ என்றது உறைத்தது. இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. உண்மைதான். நான் எழுதும்போதெல்லாம் யாரோ படிக்கிற மாதிரி ஒரு நினைப்பு இருந்துகொண்டே இருந்தது. என் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள், யார் பக்கம் நியாயம் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. எனக்கு உட்காருவது ஒத்துவருகிறது. யாழ்ப்பாணத்துத் தங்கச்சி சொன்ன மாதிரி டைரிகளை அடுப்பில் போடலாமா என்று மட்டும் யோசிக்கிறேன்.

தெற்குச்சாளரம்
ஐந்து நாள் கழித்து வருகிறேன். ஈப்போ பேரனும் நாசரேத்து ஐயாவும் சொன்ன பிறகு அம்மாவின் பெட்டியைப் பிரித்தேன்.

மொத்தம் 31 நோட்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டுகள். ஒரு வரிக்கு நான்கு ஸ்ரீராமஜெயம், மேலிருந்து கீழே தூண் மாதிரி நேராக. அம்மா ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர்கள். ‘ஜெ’யின் கொம்பை மட்டும் கொஞ்சம் பெரிசாகப் போடுவார்கள். முதல் நோட்டைப் புரட்டிக்கொண்டே போனேன், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நோட்டில், ஒரு வரியில் மூன்றாவது ஸ்ரீராமஜெயம் இருக்க வேண்டிய இடத்தில் ‘கால் வலிக்குது ராமா’ என்று இருந்தது.

அதே மை, அதே அளவு எழுத்து. அந்த இடத்துக்குள் அடங்குகிற மாதிரி நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அடுத்தது மறுபடியும் ஸ்ரீராமஜெயம். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துத் தேடினேன். 31 நோட்டிலும் சேர்த்துப் பதினான்கு இடம். ‘சின்னவளுக்கு நல்ல இடம் அமையணும்.’ அந்தச் சின்னவள் நான். ‘இன்னைக்கு அவர் சாப்பிட்டார்’ என்று ஒன்று, அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதமாக இருக்க வேண்டும். ‘பெரியவன் போன் பண்ணலை.’ ‘இன்னைக்கு நல்லா இருந்தது’ என்று ஒன்று, என்ன நல்லா இருந்தது என்று இல்லை. ‘யார்கிட்ட சொல்ல’ என்று ஒன்று.

அம்மா வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கேட்டால் ‘எனக்கென்ன’ என்பார்கள். எத்தனை லட்சம் ஸ்ரீராமஜெயத்துக்கு நடுவில் பதினான்கே தடவை பேசியிருக்கிறார்கள். அதைத்தான் நான் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கிறேன்.

நாசரேத்துக்காரன்
சகோதரி, அந்த நோட்டுகளை ஈரம் படாமல் வையுங்கள். இரும்புப் பெட்டியில் துரு ஏறும், துணியில் சுற்றி மரப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கற்பூரக் கட்டி போட்டால் பூச்சி வராது.

குட்டிமேசை
நேற்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன் அக்கா. என்ன எழுதுவது என்று தெரியாமல் என் பேரையே ஒரு பக்கம் எழுதினேன். பன்னிரண்டாவது வரிக்கு மேல் அது என் பேர் மாதிரியே இல்லை. விசித்திரமாக இருந்தது. நாளைக்கும் எழுதிப் பார்க்கிறேன்.

வைகைக்கரை
சகோதரி, ஒன்று கேட்கலாமா? உங்கள் ‘நீ இன்னும் அழவே இல்லை’ என்ற வரி. அது உங்கள் பேச்சு மாதிரி இருந்ததா, அம்மா பேச்சு மாதிரி இருந்ததா?

தெற்குச்சாளரம்
அண்ணா, நீங்கள் கேட்ட பிறகு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அம்மா என்றால் ‘அழவே இல்லையே நீ’ என்றிருப்பார்கள். ‘நீ’ கடைசியில்தான் வரும். என்னை நான் திட்டிக்கொள்வதாக இருந்தால் ‘அழக்கூடத் தெரியலை’ என்றிருப்பேன். இது இரண்டும் இல்லை. குறை சொல்கிற தொனியும் இல்லை, தேற்றுகிற தொனியும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி, இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. யாருடைய குரல் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவின் 31ஆவது நோட்டு பாதியில் நிற்கிறது. கடைசி வரியில் இரண்டுதான் இருக்கிறது, மீதி இரண்டுக்கு இடம் காலி. அதில் எழுதலாமா என்று நேற்றுக் காலை பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. என் நோட்டில் ஒரு பக்கம் ஸ்ரீராமஜெயம் எழுதினேன். எனக்கு அந்த அளவு பக்தியெல்லாம் கிடையாது. கை வலித்தது. வரிக்கு நான்கு அடங்கவில்லை, மூன்றுதான் அடங்கியது. அந்த ‘ஜெ’ கொம்பு எனக்கும் பெரிசாகத்தான் வருகிறது.